1990 ஜனவரி 30-ல் பிறந்தவள் குதிரையா, பாம்பா?

தை பதினேழு:

வணக்கம். சீன ராசிக் கணக்கு தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். சிரித்துவிட்டுப் போகாதீர்கள், இதில் என் கல்யாணம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். பிறந்த தேதி 1990 ஜனவரி 30. கட்டிக்கொள்ளப் போகிறவர் சீனர், 1983 ஜூலையில் பிறந்தவர், பன்றி வருடம். பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் “நான் குதிரை” என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். 1990 குதிரை வருடம். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

இந்தப் பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நெருப்புக் குதிரை வருடம் தொடங்கியிருக்கிறதே, அவருடைய அம்மா என் மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டார். சொந்த வருடம் வரும்போது கெட்டதெல்லாம் தேடி வருமாம், சிவப்பு இருந்தால் நெருங்காதாம். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். அப்புறம் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டி, நான் பிறந்தது அந்த வருடப் புத்தாண்டின் நாலாம் நாள், அடுப்புச் சாமி மேலோகத்திலிருந்து வீடு திரும்பும் நாள் என்று கண்டுபிடித்தார். ஏதோ நானே சாமியோடு வந்து இறங்கியது போல அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்துத் தேதி குறிக்க ஒரு பெரியவரிடம் போனார். அவர் என் தேதியைப் பார்த்ததும், “இவள் குதிரை இல்லை, மண் பாம்பு. பன்றியும் பாம்பும் நேருக்கு நேர் மோதும்” என்று சொல்லிவிட்டாராம்.

அன்றிலிருந்து ஆன்ட்டி மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. இப்போதும் போனால் சூப் ஊற்றித் தருகிறார். ஆனால் மண்டபம் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. அவரோ “அம்மா சரியாகிவிடுவார், விடு” என்கிறார். எனக்குத்தான் விட முடியவில்லை.

இணையத்தில் தேடியது தப்பாகப் போயிற்று. உலோகக் குதிரை என்றால் வேகம், பிடிவாதம், வெடுக்கென்று பேசும் வாய் என்று போட்டிருந்தது. நான்தான். மண் பாம்பு என்றால் நிதானம், மனதில் உள்ளதை வெளியே விடாத குணம், கோபத்தைக்கூட நாள் பார்த்துக் காட்டும் பொறுமை. அதுவும் நான்தான்! போதாததற்கு ஓர் இடத்தில் பாம்புக்கு மூலகம் நெருப்பு என்றிருக்கிறது, இன்னோர் இடத்தில் 1989 பாம்புக்கு மரம் என்றிருக்கிறது. மண்ணா, நெருப்பா, மரமா? ஒரே ஆள் எப்படி மூன்றாக இருக்க முடியும்?

குட்டிச்சுவர்:

1990-ல் சீனப் புத்தாண்டு ஜனவரி 27. நீங்கள் 30. ஆகவே குதிரை. முடிந்தது கதை. அந்தப் பெரியவர் முதலில் பயமுறுத்திவிட்டு அப்புறம் பரிகாரத்துக்கு ஒரு தொகை சொல்லுவார் பாருங்கள்.

பினாங்குத் தாத்தா:

குட்டிச்சுவர் தம்பி அவசரப்பட்டுவிட்டார். அம்மா, வீட்டுப் பெண்கள் கணக்கில் நீங்கள் குதிரை, ஜோசியர் கணக்கில் பாம்பு. இருவர் சொன்னதிலும் தப்பில்லை.

நான் பினாங்கில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். பக்கத்து மேசைக்காரர் ஹொக்கியன் பேசும் சீனர். அவர் நாற்காலிக்குப் பின்னால் சிவப்பு அட்டை போட்ட பஞ்சாங்கம் ஒன்று ஆணியில் தொங்கும். தோங் ஷு என்பார். கண்டோனீஸ்காரர்கள் அதையே துங் ஷிங் என்பார்கள். ‘புத்தகம்’ என்ற சொல்லும் ‘தோல்வி’ என்ற சொல்லும் காதுக்கு ஒன்றாகக் கேட்பதால், தோல்வியை வருடம் முழுக்கச் சுவரில் மாட்டி வைப்பானேன் என்று ‘ஜெயம்’ என்று மாற்றிக்கொண்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் அதைப் புரட்டுவார், நான் கேள்வி கேட்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான்.

முதலில் வருடப் பிறப்பு. மக்கள் வழக்கத்தில் விலங்கு மாறுவது சந்திரக் கணக்கிலான புத்தாண்டு அன்று. அது ஜனவரி பிற்பாதிக்கும் பிப்ரவரி பிற்பாதிக்கும் நடுவே நகர்ந்துகொண்டிருக்கும். பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு எழுத்து வைத்து எட்டெழுத்து ஜாதகம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கு வருடம் மாறுவது லி சுன் அன்று, அதாவது வசந்தம் தொடங்கும் நாள். அது சூரியக் கணக்கு, பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும். 1990-ல் புத்தாண்டு ஜனவரி 27, லி சுன் பிப்ரவரி 4. நடுவில் ஒரு வாரச் சந்து. நீங்கள் சரியாக அந்தச் சந்தில் வந்து பிறந்திருக்கிறீர்கள். ஜனவரி 20-ல் பிறந்திருந்தால் இரண்டு கணக்கிலும் பாம்பு, பிப்ரவரி 10 என்றால் இரண்டிலும் குதிரை. வம்பே இல்லை.

நமக்கு இது புதிதா என்ன? ஜனவரி பிறந்துவிட்டதால் தமிழ் வருடம் மாறிவிடுகிறதா? உங்கள் பெயரைப் பார்த்தால் ஜாதகத்தில் சுக்ல வருடம், தை 17 என்றுதான் இருக்கும். 1990 சித்திரையில்தான் பிரமோதூத பிறந்தது. நமக்கும் அறுபது, அவர்களுக்கும் அறுபது. ஆனால் நம் அறுபது வியாழன் சுற்றை வைத்து வந்தது. அவர்களுடையது மூலகத்துக்கான பத்துத் தண்டெழுத்தையும் விலங்குக்கான பன்னிரண்டு கிளையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டதில் வந்தது. பத்தும் பன்னிரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சந்திக்க அறுபது வருடம் ஆகும்.

சரி, மூலகத்துக்கு வருவோம். பத்துத் தண்டுகளை இரண்டிரண்டாக ஐந்துக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். வருடத்தின் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே போதும்: 4, 5 என்றால் மரம், 6, 7 நெருப்பு, 8, 9 மண், 0, 1 உலோகம், 2, 3 நீர். அதனால் 1989 மண், 1990 உலோகம், உங்கள் மாப்பிள்ளையின் 1983 நீர். எல்லோரும் ‘இன்ன மூலக விலங்கு’ என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறார்கள்.

இது போக, ஒவ்வொரு விலங்குக்கும் என்றும் மாறாத சொந்த மூலகம் ஒன்று உண்டு. புலியும் முயலும் மரம், பாம்பும் குதிரையும் நெருப்பு, குரங்கும் சேவலும் உலோகம், பன்றியும் எலியும் நீர், மிச்சமிருக்கிற எருது, டிராகன், ஆடு, நாய் நான்கும் மண். நீங்கள் பார்த்த ‘நெருப்பு’ இங்கிருந்து வந்தது.

மூன்றாவது, நா-யின் என்ற பழைய பட்டியல். அது அறுபதையும் இரண்டிரண்டாகச் சேர்த்து முப்பது பெயர் வைத்திருக்கிறது. பெயர்களெல்லாம் கவிதை மாதிரி இருக்கும். 1984-85 கடலடித் தங்கம், 1986-87 உலைக்கள நெருப்பு, 1988-89 பெருங்காட்டு மரம், 1990-91 சாலையோர மண். நீங்கள் பார்த்த ‘மரம்’ அந்தப் பெருங்காடு.

ஆக, மண், நெருப்பு, மரம் மூன்றும் உண்மை; ஒவ்வொன்றும் வேறு வேறு அடுக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை நாம் ஐம்பூதம் என்று மொழிபெயர்த்துக்கொள்வதால்தான் குழப்பம் கூடுகிறது. இந்த ஐந்துக்கும் சீனத்தில் பெயர் வூ சிங். அதில் சிங் என்றால் நடை, போக்கு. நம் பூதங்கள் பொருள்கள். அவர்களுடையவை ஒன்று இன்னொன்றாகப் போகும் விதங்கள். மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண் உலோகத்தைப் பெறும், உலோகம் நீரைத் தரும், நீர் மரத்தை வளர்க்கும். அடக்குவதற்கு வேறு வட்டம்: மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீரை அணை கட்டும், நீர் நெருப்பை அவிக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும்.

குணத்தையும் இந்த ஓட்டத்தை வைத்துத்தான் சொல்வார்கள். மரத்துக்கு இரக்கம், நெருப்புக்கு மரியாதை முறை, மண்ணுக்கு வாக்கு தவறாமை, உலோகத்துக்கு நியாயம், நீருக்கு அறிவு என்று ஒவ்வொரு நற்குணம். ஆனால் என் மேசைக்காரர் இந்தப் பட்டியலோடு நிற்க மாட்டார். மேல் எழுத்தான தண்டும் கீழ் எழுத்தான கிளையும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பார். 1989-ல் கீழே பாம்பின் நெருப்பு, மேலே மண். நெருப்பு மண்ணை வளர்க்கும், ஆகவே அடியில் ஆதரவு உள்ள ஆள், அலட்டிக்கொள்ள மாட்டார். 1990-ல் கீழே குதிரையின் நெருப்பு, மேலே உலோகம். தன் அடுப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கத்தி. அந்த வருடத்து ஆட்கள் சும்மா இருக்க முடியாமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள் என்பார். 1983-ல் மேலும் நீர், கீழும் நீர். எங்கே ஊற்றினாலும் அந்த வடிவம் எடுத்துக்கொள்ளும் மனிதர். “விடு, சரியாகிவிடும்” என்பார்!

இப்போது நடக்கும் வருடமும் அப்படித்தான், நெருப்பின் மேல் நெருப்பு. ஜப்பானில் இதை நினைத்தே பயந்தார்கள். நெருப்புக் குதிரையில் பிறந்த பெண் புருஷனை விழுங்கிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. 1965-ல் அங்கே 18 லட்சத்துச் சொச்சம் குழந்தைகள் பிறந்தன, 1966-ல் அது 13.6 லட்சம். மறு வருடமே எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் ஜப்பான் 1873-லேயே புதுக் காலண்டருக்கு மாறிவிட்டதால் அங்கே விலங்கு மாறுவது ஜனவரி முதல் தேதி. அங்கே பிறந்திருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தே இருந்திருக்காது.

இப்போது பொருத்தம். நீங்களே பாருங்கள்.

பாம்பு என்று வைத்தால்: மேலே உங்கள் மண் அவருடைய நீரை அடக்குகிறது, கீழே அவருடைய பன்றி நீர் உங்கள் பாம்பு நெருப்பை அணைக்கிறது. மேலும் மோதல், கீழும் மோதல். ஆறு வருட இடைவெளி என்றாலே வயதானவர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். பன்னிரண்டில் ஆறாவது நேர் எதிரே நிற்கும். இதைவிட மோசமான ஜோடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெரியவர் பயந்ததில் நியாயம் உண்டு. (தமிழில் அணைப்பதற்கு இரண்டு பொருள் உண்டு என்பது அவருக்குத் தெரியாது, பாவம்.)

ஆனால் நா-யின் பார்த்தால்? 1983 பெருங்கடல் நீர், 1989 பெருங்காட்டு மரம். நீர் மரத்தை வளர்க்கும். பிரமாதம்.

குதிரை என்று வைத்தால்: உங்கள் உலோகம் அவர் நீரைப் பெருக்கும், குதிரைக்கும் பன்றிக்கும் நேர் மோதலும் இல்லை. நல்லது. ஆனால் நா-யினில் நீங்கள் சாலையோர மண், அவர் கடல் நீர். மண் நீரை அடக்கும். கெட்டது!

புரிகிறதா? எந்த விலங்கை எடுத்தாலும் ஓர் அடுக்கு வாழ்த்தும், இன்னொன்று திட்டும்.

வெறும்வாய்:

தாத்தா பிரமாதமாக எழுதியிருக்கிறார். ஆனால் கடைசி வரியை எழுதிய பிறகும் இதை எப்படி நம்புகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

இந்தச் சந்தேகம் சீனாவிலேயே பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் என்று ஒருவர் இருந்தார். அவர் காலத்திலேயே “பன்றி நீர், பாம்பு நெருப்பு, அதனால்தான் பன்றி பாம்பைத் தின்கிறது” என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஆன்ட்டியின் கவலைக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம். வாங் சோங் திருப்பிக் கேட்டார்: எலியும் நீர்தானே, குதிரை நெருப்புதானே, எலி ஏன் குதிரையை விரட்டுவதில்லை? சேவல் உலோகம், முயல் மரம், சேவல் ஏன் முயலைக் கொத்துவதில்லை? நான் அறிந்தவரை யாரும் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

இன்னும் பழைய கதை ஒன்று. 1975-ல் ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹூடி என்ற இடத்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சின் அரசர் காலத்து அதிகாரி ஒருவரின் கல்லறையைத் தோண்டியபோது மூங்கில் பட்டைகள் கட்டுக் கட்டாகக் கிடைத்தன. அதில் விலங்குப் பட்டியல் இருக்கிறது. எதற்குத் தெரியுமா? திருடனைப் பிடிக்க! இன்ன நாளில் திருட்டுப் போனால் அந்த நாளின் விலங்கைப் பார், திருடன் அது மாதிரி இருப்பான். எலி நாளில் திருடியவனுக்குக் கூம்பிய வாய், அங்கொன்றும் இங்கொன்றுமாக மீசை. விலங்கை வைத்து ஆளைச் சொல்வதில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று இது. காவல் நிலையத்து அங்க அடையாளம் மாதிரி இருக்கிறது. இன்னொன்று, அந்தப் பட்டியலில் இன்று குதிரை நிற்கிற இடத்தில் மான் நிற்கிறது. ஆக நீங்கள் மானாகக்கூட இருக்கலாம் சகோதரி. வியட்நாம்காரரைக் கேட்டால் முயலுக்குப் பதில் பூனை என்பார்.

‘உலோகக் குதிரையும் நான்தான், மண் பாம்பும் நான்தான்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். என் தங்கை புலி. ஒரு புத்தாண்டுக்கு அவளுக்குப் பன்றியின் பலனைப் புலி என்று தலைப்பு மாற்றிப் படித்துக் காட்டினேன். “அப்படியே புட்டுப் புட்டு வைக்கிறான்” என்றாள்.

ஈப்போ மருமகள்:

தங்கச்சி, நான் சீனக் குடும்பத்தில் வாக்கப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தாத்தா சொன்னதும் தம்பி சொன்னதும் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்வது அந்த அம்மாவைப் பற்றி.

அவர் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லுகிற ஆளாக இருந்தால் கயிறு கட்டியிருக்க மாட்டார், அதுவும் பல்லால் கடித்து. என் மாமியார் சொந்த வருஷத்தில் மருமகள்களுக்குச் சிவப்பு உள்ளாடை வாங்கிக் கொடுப்பார், அதுவும் எல்லோர் எதிரிலும் பிரித்து அளவு பார்க்கச் சொல்லி. கூச்சத்தில் செத்தேன். ஆனால் வெளியாளுக்கு யாரும் அதை வாங்கித் தர மாட்டார்கள்.

உன் ஆன்ட்டி பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான். கயிறு கட்டியதே தப்பான ஆளுக்கோ, தப்பான வருஷத்துக்கோ என்று கூட நினைத்து உள்ளுக்குள் குமைவார். பாம்பு என்றால் போன வருஷமே கட்டியிருக்க வேண்டுமே! இதில் நீ போய் “ஆன்ட்டி, இதெல்லாம் மூடநம்பிக்கை” என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். நீ குதிரைதான் என்று வாதாடினாலும் கெடும், பெரியவர் சொல்லைத் தட்டின மாதிரி ஆகும்.

தேதி குறிக்கிறவர் வேலை தடுப்பது இல்லை. மோதல் இருந்தால் அதை ஆற்றுகிற நாளைத் தேடித் தருவதுதான் அவர் தொழில். ஆன்ட்டி வருஷத்தை மட்டும் காட்டினாரா, மாசம் நாள் நேரம் எல்லாம் கொடுத்தாரா? அதைக் கேள் முதலில். எட்டெழுத்து என்றால் எட்டும் வேண்டும். வருஷம் இரண்டு எழுத்துதான்.

தை பதினேழு:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இன்று அவரிடம் விசாரித்தேன். ஆன்ட்டி தேதியை மட்டும்தான் சொன்னாராம், பிறந்த நேரம் அவருக்குத் தெரியாது. பெரியவர் வருடத்தைப் பார்த்ததுமே தலையசைத்தார், ஆன்ட்டி அதோடு எழுந்து வந்துவிட்டார்.

வெறும்வாய் அண்ணா, நீங்கள் சொல்வது சரி என்று மூளைக்குத் தெரிகிறது. ஆனால் மூளை அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போவதில்லை, நான்தான் போகிறேன்.

என் அம்மாவிடம் ஜாதகம் இருக்கிறது. காலை 7.20 என்று போட்டிருக்கிறது. தாத்தா, இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

பினாங்குத் தாத்தா:

முடியும் அம்மா. முதலில் ஈப்போ மகள் சொன்னதுதான் சரியான புள்ளி. வருடத்தை வைத்து ஆளைச் சொல்வது பழைய முறை. சோங் அரசர் காலத்திலிருந்து, சூ ஸிபிங் என்பவர் பெயரில் வழங்கும் முறையில், ஆள் என்பது பிறந்த நாளின் தண்டெழுத்து. வருடம் பாட்டன் பூட்டனுக்கு, மாதம் பெற்றோருக்கு, நாளின் கீழெழுத்து கணவன் அல்லது மனைவிக்கு, நேரம் பிள்ளைகளுக்கு.

1990 ஜனவரி 30-க்கு நாள் எழுத்து யி-வெய். யி என்பது மரம், அதிலும் ஓங்கி நிற்கிற மரம் இல்லை, புல், கொடி. வளையும், சுவரில் விரிசல் கிடைத்தால் போதும், ஏறிவிடும். கணவன் இடத்தில் இருக்கிற வெய் ஆடு. ஆடு, பன்றி, முயல் மூன்றும் ஒரு கூட்டு, மூன்றும் சேர்ந்தால் மரமாகும். அதாவது உங்கள் வருடத்துப் பாம்பு வாசலில் நின்று பன்றியோடு சண்டை போட்டாலும், உள்ளே கணவன் அறையில் பன்றிக்கு வேண்டிய ஆள்தான் உட்கார்ந்திருக்கிறது. நீருக்கும் நெருப்புக்கும் சண்டை என்றால் நடுவில் மரத்தை விட்டு ஆற்றுவார்கள். நீர் மரத்துக்குப் போகும், மரம் நெருப்புக்குப் போகும். அந்த மரம் நீங்களேதான்.

மாதம் எருது. எருதும் ஆடும் எதிரெதிர். ஆகவே மோதல் இருப்பது உண்மை, ஆனால் அது உங்களுக்குள்ளேயே இருக்கிறது. ‘அதுவும் நான்தான், இதுவும் நான்தான்’ என்று எழுதினீர்களே!

நேரத்தில் மறுபடி ஒரு சந்து. கடிகாரப்படி 7-லிருந்து 9 வரை டிராகன் நேரம், 5-லிருந்து 7 வரை முயல் நேரம். 7.20 என்றால் டிராகன். ஆனால் சிங்கப்பூர்க் கடிகாரம் 1982-லிருந்து கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, சூரியனோ அதற்கு ஒரு மணிக்கு மேல் பின்னால் வருகிறது. சூரியனைக் கேட்டால் அது ஆறு மணிதான், முயல். உங்கள் ஜாதகத்தில் உதயாதி நாழிகை, அதாவது சூரியன் உதித்ததிலிருந்து ஆன நேரம், எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். கால் நாழிகைகூட, ஆறு நிமிடம்கூட, ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். சூரியன் எழும் நேரத்தில் பிறந்தவளை டிராகனில் போட எனக்கு மனம் வரவில்லை. பெரியவர் எதை எடுப்பார் என்பது அவர் குருமுறையைப் பொறுத்தது.

வெறும்வாய்:

தாத்தா, முதலில் வருடத்தில் இரண்டு, இப்போது நேரத்தில் இரண்டு. நல்லது வரும் வரை தோண்டுகிறீர்கள் என்று சொன்னால் கோபிப்பீர்களா?

பினாங்குத் தாத்தா:

கோபிக்க மாட்டேன் தம்பி. கல்யாணத்துக்குப் பிறகு எவராவது தோண்டுகிறார்களா? முன்னால்தான் தோண்ட முடியும்.

தை பதினேழு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஜாதக நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். நாழிகைக் கணக்கில் பத்து விநாடி, அதாவது நாலே நிமிடம்தான் போட்டிருந்தது, தாத்தா சொன்னதைவிடக் குறைவு. அம்மாவுக்குச் சீனம் தெரியாது, ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் கொஞ்சம் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டார்கள். மஞ்சள் தடவிய நோட்டின் மூலையை ஆன்ட்டி விரலால் தொட்டுப் பார்த்தார். ராசிக் கட்டத்தைக் காட்டி இதில் மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். அம்மா லக்னத்தைத் தொட்டுக் காட்டினார். ஆன்ட்டி அந்தப் பக்கத்தை அப்படியே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெரியவருக்கு இதை அனுப்பி என்ன பயன் என்று ஆன்ட்டியின் மகன் மெல்லச் சிரித்தார், அம்மாக்கள் இருவரும் கண்டுகொள்ளவில்லை.

பெரியவர் முயலைத்தான் எடுத்தார். டிசம்பரில் இரண்டு தேதி கொடுத்திருக்கிறார். குணம் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையாம். மணமேடைக்கு வரும்போது பாம்பு வருடத்தில் பிறந்த யாரும் எதிரே நிற்கக் கூடாது என்று மட்டும் சொன்னாராம். மணப்பெண்ணே பாம்பாயிற்றே என்று ஆன்ட்டி கேட்டதற்கு, “அவள் எதிரே நிற்க மாட்டாளே, பக்கத்தில்தானே நிற்பாள்” என்றாராம்.

கிளம்பும்போது கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன். ஆன்ட்டி முடிச்சைப் பார்த்தார். இதை இனிமேல் கத்தரிக்கோல் வைத்துத்தான் எடுக்க முடியும், கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்கு முன்பணம் எவ்வளவு என்று கேட்டார்.